பிரெய்ரியின் கோடைமழை வெள்ளம்: ஆற்றங்கரையில் வசிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

2014 ஜூன் மாதத்தின் கடைசி மூன்று நாள்களில், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்கிழக்கிலும் அதை அடுத்துள்ள மானிடோபாவின் தென்மேற்கிலும் மழை விடாமல் பெய்தது. பல ஊர்களில் அதன் அளவு 100 மில்லிமீட்டரைத் தாண்டியது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண் அச்சமூட்டாது. ஆனால் அது ஓர் ஆண்டு முழுவதும் பனியும் மழையும் சேர்ந்தே 350 முதல் 500 மில்லிமீட்டர் வரைதான் பெறும் நிலம். அதன் ஓடைகளும் சாலையோரக் கால்வாய்களும் அந்தக் கணக்கிலேயே அமைந்தவை. மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் பிராண்டன் நகரில் அசினிபோயின் ஆறு கரையை முட்டியது. ஜூலை 4 அன்று மானிடோபா அரசு அவசரநிலையை அறிவித்தது. போர்ட்டேஜ் லா ப்ரேரிக்கும் வினிப்பெக்குக்கும் இடையிலுள்ள கரைகளில் நூற்றுக்கணக்கான ராணுவ வீரர்கள் வந்து மணல் மூட்டை அடுக்கினார்கள்.

பிரெய்ரி எனப்படும் இந்த மேற்குக் கனடாவின் புல்வெளிச் சமவெளியில் மழை பெய்யும் ஊர் ஒன்று, வெள்ளம் ஏறும் ஊர் வேறொன்று. மழை நாளுக்கும் வெள்ள நாளுக்கும் இடையே ஒரு வாரம்கூட இருக்கலாம். ஆகவே தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் தவறவே செய்வார். பார்க்க வேண்டியவை மூன்று: மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது, ஆற்றின் மேற்பகுதியில் நீர்மட்டம் என்ன, உங்கள் வீட்டுத் தரைக்குக் கீழே என்ன நடக்கிறது. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த மூன்றையும் சுற்றியே செல்கின்றன.

முதல் படி: எந்த வகை வெள்ளம் உங்களுடையது என்று அறியுங்கள்

இங்குள்ள மக்களின் நினைவில் வெள்ளம் என்றால் வசந்தகாலம்தான். குளிர்காலப் பனி ஏப்ரலில் உருகி ஆற்றில் இறங்கும். பனியின் கனத்தை முன்கூட்டியே அளக்க முடிவதால், அரசின் முன்னறிவிப்பு பல வாரங்களுக்கு முன்பே வெளிவந்துவிடும். 1997-ல் ரெட் ஆற்றில் வந்த பெருவெள்ளம் அந்த வகையைச் சேர்ந்தது. கோடைமழை அவ்வளவு அவகாசம் தருவதில்லை. ஏப்ரல் வெள்ளம் தணிந்து, மணல் மூட்டைகளை அள்ளிச் சென்ற பிறகு, வயலில் கனோலாவும் கோதுமையும் முளைத்து நிற்கும் ஜூன் மாதத்தில் அது வருகிறது. பிரெய்ரியின் பெரும்பகுதியில் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் ஜூன்தான் என்பதைப் புதிதாக வந்தவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

கோடைமழை வெள்ளத்திலும் மூன்று விதம் உண்டு. முதலாவது மலையடிவார வெள்ளம். 2013 ஜூன் 19 முதல் 21 வரை, ராக்கி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் ஒரு தாழ்வழுத்த மண்டலம் நகராமல் நின்றுவிட்டது. கிழக்கிலிருந்து வீசிய ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டியது. உயரங்களில் எஞ்சியிருந்த பனியும் அந்த மழையில் உருகிச் சேர்ந்தது. சில மணி நேரத்தில் போ, எல்போ, ஹைவுட் ஆகிய ஆறுகள் பெருகின. ஆல்பர்ட்டா மாகாணத்தின் கால்கரி நகரில் மட்டும் சுமார் 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஹை ரிவர் என்ற சிறுநகரம் முழுவதுமே காலியானது. ஐந்து பேர் இறந்தார்கள். இத்தகைய ஆற்றங்கரையில் வசிப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் மணிக்கணக்கில்தான்.

இரண்டாவது, சமவெளி வெள்ளம். அசினிபோயின், கப்பெல், சூரிஸ் போன்ற ஆறுகள் கிலோமீட்டருக்கு மிகக் குறைந்த சரிவுடன், வளைந்து வளைந்து, அகலமான பழைய பள்ளத்தாக்குகளில் நகர்கின்றன. பனியுகத்தின் முடிவில் உருகிய பனிப்பாறை நீர் அகழ்ந்த பள்ளத்தாக்குகள் அவை. இன்றைய ஆறு அவற்றில் ஒரு நூல்போலக் கிடக்கிறது. இங்கே வெள்ளம் மெதுவாக ஏறும், மெதுவாகவே இறங்கும், வாரக்கணக்கில் தங்கும்.

மூன்றாவது, ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும் இடிமழை. 2000 ஜூலை 3 அன்று சஸ்காச்சுவானின் வான்கார்டு என்ற சிற்றூரில் எட்டு மணி நேரத்தில் சுமார் 375 மில்லிமீட்டர் பெய்தது. ஏறத்தாழ ஓர் ஆண்டின் மழை ஒரு மாலைப் பொழுதில் இறங்கியது. இதற்கு ஆற்றங்கரையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நம்பகமான முன்னறிவிப்பும் இதற்குக் கிடைப்பது அரிது.

உங்கள் ஊர் இவற்றில் எதற்கு உட்பட்டது என்பதைப் பொறுத்தே மற்ற எல்லா முடிவுகளும் மாறும். மலையடிவாரத்தில் இருப்பவர் பையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சமவெளியில் இருப்பவர் பொறுமையுடன் கரை கட்டலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்தானது.

இரண்டாம் படி: நிலம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கவனியுங்கள்

ஒரே அளவு மழை ஒரு கோடையில் சுவடில்லாமல் மறைந்து, மறு கோடையில் ஊரை மூழ்கடிப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை ஆற்றில் இல்லை, வயல்களில் இருக்கிறது. பனிப்பாறைகள் பின்வாங்கியபோது பிரெய்ரி முழுவதும் லட்சக்கணக்கான சிறு பள்ளங்கள் உண்டாயின. அவற்றில் தேங்கும் குட்டைகளை உள்ளூர் விவசாயிகள் ஸ்லூ என்கிறார்கள். சாதாரண ஆண்டுகளில் இந்த நிலத்தின் பெரும்பகுதியில் பெய்யும் மழை ஆற்றை அடைவதே இல்லை. குட்டைகளில் தங்கி, ஆவியாகியும் மண்ணில் இறங்கியும் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் இங்குள்ள நீரியல் வரைபடங்கள் ஓர் ஆற்றுக்கு இரண்டு நீர்ப்பிடிப்புப் பரப்புகளைக் காட்டுகின்றன: ஒன்று முழுப் பரப்பு, மற்றொன்று சராசரி ஆண்டில் உண்மையாகவே ஆற்றுக்கு நீர் தரும் பரப்பு. இரண்டாவது முதலாவதைவிடப் பல இடங்களில் வெகு சிறியது.

ஏரிச் சங்கிலிகளை அறிந்த தமிழருக்கு இதை விளக்குவது எளிது. ஓர் ஏரி நிரம்பிய பிறகே மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்கு நீர் போகும். பிரெய்ரிக் குட்டைகளும் அப்படியே நிரம்பி வழிந்து ஒன்றோடொன்று இணைகின்றன. வேறுபாடு என்னவென்றால், இங்கே கலங்கலும் இல்லை, மதகும் இல்லை, காவலாளும் இல்லை. குட்டைகள் காலியாக இருக்கும்வரை ஆறு அமைதியாக இருக்கும். அவை நிரம்பிவிட்டால், அதுவரை ஆற்றோடு தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான சதுரக் கிலோமீட்டர் நிலம் சில நாள்களில் ஆற்றின் நீர்ப்பிடிப்பாக மாறிவிடும். 1,000 சதுரக் கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை என்பது 10 கோடி கனமீட்டர் நீர் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அதன் விளைவு புரியும்.

மனிதர் கையும் இதில் உண்டு. விளைநிலத்தைக் கூட்டுவதற்காகக் குட்டைகளை வாய்க்கால் வெட்டி வடிப்பது பல தலைமுறைப் பழக்கம். கிழக்கு சஸ்காச்சுவானின் ஸ்மித் கிரீக் என்ற ஓடையின் படுகையை சஸ்காச்சுவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே 1958-ல் நிலப்பரப்பில் சுமார் 24 விழுக்காடாக இருந்த குட்டைகள் 2008-ல் 11 விழுக்காடாகச் சுருங்கியிருந்தன. முன்பு அந்த ஓடையின் நீரில் பெரும்பங்கு பனியுருகலில் வந்தது; பின்னர் அந்தப் பங்கு பாதி அளவுக்குக் குறைந்து, மழையின் பங்கு உயர்ந்தது. 2014-ல் அங்கு ஓடிய பெருவெள்ளம் முழுவதும் மழையால் உண்டானது. வடிகால் வெட்டிய விவசாயியைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல. தன் வயலில் நிற்கும் நீரால் விதைக்க முடியாமல் போகும் இழப்பை அவர்தான் சுமக்கிறார். ஆனால் அவர் வயலிலிருந்து விரைந்து வெளியேறும் நீர் இன்னொருவர் வாசலுக்குத்தான் போகிறது.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது சிறிது. அக்டோபரில் மண் ஈரமாகவே உறைந்ததா, மே மாத முடிவில் நெடுஞ்சாலை ஓரக் குட்டைகள் விளிம்புவரை நிற்கின்றனவா, சாலையோரக் கால்வாய்களில் ஜூனிலும் நீர் இருக்கிறதா என்று ஊர் சுற்றும்போதே பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், அந்தக் கோடையில் 50 மில்லிமீட்டர் மழைகூட உங்களுக்கு எச்சரிக்கைதான்.

மூன்றாம் படி: உங்கள் வீடு எங்கே நிற்கிறது

நகராட்சியிலோ மாகாண இணையதளத்திலோ வெள்ள அபாய வரைபடத்தை எடுத்து உங்கள் முகவரியைத் தேடுங்கள். அதில் நூறாண்டு வெள்ளம் என்ற சொல் வரும். நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். 25 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 22 விழுக்காடு. வீடு விற்பவர் இதை அடிக்கோடிட்டுச் சொல்லமாட்டார்.

அடுத்து, ஆற்றின் மேற்பகுதியில் என்ன கட்டுமானம் இருக்கிறது என்று அறிய வேண்டும். அசினிபோயின் ஆற்றை எடுத்துக்கொள்வோம். மேலே ஷெல்மவுத் அணை நீரைத் தேக்குகிறது. போர்ட்டேஜ் லா ப்ரேரியில் 1970-ல் முடிக்கப்பட்ட 29 கிலோமீட்டர் நீளத் திருப்புக் கால்வாய் மிகைநீரை வடக்கே மானிடோபா ஏரிக்கு அனுப்புகிறது. வினாடிக்கு 25,000 கன அடிக்கென வடிவமைக்கப்பட்ட அதன் கரைகளை 2011 வெள்ளத்தில் அவசரமாக உயர்த்தி 34,000 கன அடிவரை விட வேண்டியதாயிற்று. போர்ட்டேஜுக்குக் கீழே ஆற்றின் நிலை வினோதமானது. வண்டலைக் கொட்டிக் கொட்டித் தன் படுகையைத் தானே உயர்த்திக்கொண்டதால், அங்கே ஆறு சுற்றியுள்ள நிலத்தைவிட மேட்டில் ஓடுகிறது. கரைகளுக்குள் வினாடிக்குச் சுமார் 18,000 கன அடிதான் பாதுகாப்பாகப் போகும். கரை ஓரிடத்தில் உடைந்தால் அந்த நீர் மறுபடி ஆற்றுக்குத் திரும்பாது. தெற்கே வேறு ஓடைகளைத் தேடி வயல்களில் பரவும். கட்டுப்பாடில்லாமல் எங்கோ உடைவதைவிட நாமே ஓரிடத்தில் சிறிதாக உடைப்பது நல்லது என்று முடிவு செய்து, 2011 மே 14 அன்று ஹூப் அண்ட் ஹாலர் என்ற வளைவில் அரசே கரையை வெட்டியது. 2014 கோடையிலும் அதே இடம் தயார் செய்யப்பட்டது. கடைசியில் வெட்டத் தேவை ஏற்படவில்லை.

நீரைத் திருப்புவது நீரை இல்லாமல் செய்வதாகாது. 2011-ல் மானிடோபா ஏரிக்கு அனுப்பிய நீர் ஏரிக்கரை வீடுகளையும் பண்ணைகளையும் மூழ்கடித்தது. அங்கிருந்து மேலும் இறங்கி, லேக் செயின்ட் மார்ட்டின் பழங்குடிச் சமூகத்தின் ஊரை வாழத் தகாததாக்கியது. அம்மக்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வினிப்பெக்கின் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் காலம் கழித்தார்கள். பாதுகாப்பான நகரில் இருப்பவர் அந்தப் பாதுகாப்பின் விலையை யார் கொடுத்தார்கள் என்று அறிந்திருப்பது நியாயம்.

அணையின் கீழே வசிப்போருக்கு ஒரு சொல். 2020 ஜூன் இறுதியில் பெய்த பெருமழையால், மானிடோபாவின் ரிவர்ஸ் என்ற ஊருக்கு அருகே லிட்டில் சஸ்காச்சுவான் ஆற்றில் உள்ள அணையின் உறுதியில் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று மாகாண அதிகாரிகள் வெளிப்படையாக அறிவித்து, கீழே இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். அணை தாக்குப்பிடித்தது. ஆயினும் வெளியேறியவர்கள் செய்தது சரியே.

நான்காம் படி: தரையடியிலிருந்து தொடங்குங்கள்

ஆறு உங்கள் வாசலுக்கு வருவதற்கு வெகு முன்பே வெள்ளம் பேஸ்மென்ட் வழியாக வந்துவிடும். கடுங்குளிரில் அடித்தளம் உறையாத ஆழத்துக்கு இறங்க வேண்டியிருப்பதால், இங்கு ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் நிலத்துக்கடியில் ஒரு முழுத் தளம் உண்டு. புதிதாகக் குடியேறும் நம்மவர் முதல் ஓரிரு ஆண்டுகள் வாடகைக்கு இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பெருமழையில் நகரின் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பினாலோ, ஆற்றுமட்டம் உயர்ந்து வடிகால் வாய்கள் அடைபட்டாலோ, நீர் தரையிலுள்ள வடிகால் துளை வழியாக மேலெழும். அது மழைநீர் அல்ல, சாக்கடை.

இதற்கு முதல் காவல் பின்னோட்டத் தடுப்பு வால்வு. வெளியே போகும் கழிவுநீர்க் குழாயில் பொருத்தப்படும் இது, நீர் எதிர்த்திசையில் வந்தால் தானாக மூடிக்கொள்ளும். உரிமம் பெற்ற பிளம்பரைக் கொண்டே பொருத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து துடைத்து, மடல் தடையின்றி அசைகிறதா என்று பாருங்கள். அது மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் குளிப்பதோ துணி துவைப்பதோ கூடாது. வெளியேற வழியில்லாத உங்கள் நீரே உங்கள் தரையில் பொங்கும். வால்வை வைத்துவிட்டு இந்த விதியை மறந்து நனைந்தவர்கள் உண்டு.

இரண்டாவது காவல் சம்ப் பம்பு. நம் ஊரில் சம்ப் என்றால் குடிநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி. இங்கே அது பேஸ்மென்ட் மூலையில் தோண்டிய சிறு குழி. அடித்தளத்தைச் சுற்றிப் பதித்த துளைக்குழாய்களின் நீர் அதில் சேர, பம்பு அதை வெளியே தள்ளும். பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வருவதால், மின்கலத்தில் ஓடும் மாற்றுப் பம்பு இல்லாமல் இந்த ஏற்பாடு பாதிதான். மே மாதத்தில் ஒரு வாளி நீரை ஊற்றி மிதவை உயர்ந்து பம்பு ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

பிற வேலைகள் எளியவை. கூரை நீர்க்குழாயின் வாய் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளியாவது முடியட்டும். வீட்டைச் சுற்றியுள்ள மண் சுவரிலிருந்து வெளிநோக்கிச் சரியட்டும். பாஸ்போர்ட், குடியுரிமை ஆவணங்கள், பட்டச் சான்றிதழ்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய படங்கள் ஆகியவற்றைப் பேஸ்மென்டில் வைக்கவே வேண்டாம். வாடகைக்கு அங்கேயே இருப்பவர் அவற்றின் நகலையாவது மேல்மாடி நண்பர் வீட்டில் வைக்கலாம்.

ஐந்தாம் படி: காப்பீட்டை வெயில் காலத்திலேயே படியுங்கள்

கனடாவில் வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஆற்று வெள்ளத்துக்குக் காப்பீடு தரத் தொடங்கியதே 2015-ல்தான். 2013 கால்கரி வெள்ளத்தில் பலர் கையறு நிலையில் நின்றதற்கு இதுவும் காரணம். இன்றும் அது அடிப்படைக் காப்பீட்டில் சேர்வதில்லை, தனியே கேட்டு வாங்க வேண்டும். தரைமேல் பரவி வரும் நீர், கழிவுநீர்க் குழாயில் எதிர்த்து வரும் நீர், சுவர் வழியே கசியும் நிலத்தடி நீர் ஆகிய மூன்றும் காப்பீட்டாளருக்கு மூன்று வேறு பொருள்கள். முதல் இரண்டும் தனித்தனி இணைப்புகள். மூன்றாவதற்குப் பெரும்பாலும் ஈடு கிடைக்காது. எச்சரிக்கை வந்த பிறகு வாங்கும் காப்பீடு அந்த வெள்ளத்துக்குப் பயன்படாது.

மாகாண அரசுகளின் பேரிடர் நிதியுதவி காப்பீட்டுக்கு மாற்றல்ல. நியாயமான விலையில் காப்பீடு கிடைத்திருக்கக்கூடிய இழப்புக்கு அது பொதுவாக ஈடு தராது. கழிவுநீர் எதிர்த்து வந்த சேதம் பெரும்பாலும் இந்த வரிசையில் சேரும். வாடகைதாரர்கள் ஒன்றைத் தெளிவாகக் கொள்ள வேண்டும்: வீட்டு உரிமையாளரின் காப்பீடு அவருடைய சுவருக்கு; உங்கள் கட்டிலுக்கும் மடிக்கணினிக்கும் உங்கள் பெயரில் தனிக் காப்பீடு வேண்டும். ஒவ்வோர் அறையையும் கைபேசியில் படமெடுத்து, படத்தை வீட்டுக்கு வெளியே எங்காவது சேமித்து வையுங்கள்.

ஆறாம் படி: அறிவிப்புகளைப் படிக்கப் பழகுங்கள்

24 மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் என்ற அளவை மழை எட்டும் என்று தோன்றினால் கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கும். ஆற்றைப் பற்றிச் சொல்வது வேறு அமைப்புகள்: மானிடோபாவில் நீரியல் முன்னறிவிப்பு மையம், சஸ்காச்சுவானில் நீர்ப் பாதுகாப்பு முகமை, ஆல்பர்ட்டாவில் மாகாண அரசின் ஆற்று முன்னறிவிப்பு மையம். அவற்றின் அறிவிப்பு மூன்று படிநிலைகளில் ஏறும். முதலாவது, ஆற்றில் நீர் உயர்கிறது என்ற தகவல். இரண்டாவது, கரையைத் தொடக்கூடும் என்ற கண்காணிப்பு நிலை. மூன்றாவது, கரை கடந்தது அல்லது விரைவில் கடக்கும் என்ற எச்சரிக்கை. வெளியேறும் ஏற்பாட்டை இரண்டாம் நிலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

இதோடு நில்லாமல், கனடா நீர் அளவீட்டுத் துறை இணையத்தில் உடனுக்குடன் வெளியிடும் ஆற்று அளவுமானி வரைகோடுகளையும் பாருங்கள். உங்கள் ஊருக்கு மேலே ஒரு நாள் பயணத் தொலைவில் ஒன்று, மூன்று நாள் தொலைவில் ஒன்று என இரண்டு மானிகளைக் குறித்து வைத்து, கோடு ஏறும் வேகத்தைக் கவனியுங்கள். அந்த இணையதளம் வினாடிக்குக் கனமீட்டர் என்று சொல்லும். மானிடோபா அறிக்கையோ, மேட்டூர் அணைச் செய்தியைப்போலவே, வினாடிக்குக் கன அடி என்றே பேசும். ஒரு கனமீட்டர் சுமார் 35.3 கன அடி. இரண்டையும் குழப்பிக்கொண்டு நிம்மதியடைந்துவிடாதீர்கள். உச்சம் எப்போது வரும் என்ற கணிப்பு, இடையில் மறுபடி மழை பெய்தால் மாறும். உச்சங்கள் ஒன்றுக்கு இரண்டாகவும் வரலாம்.

ஏழாம் படி: மணல் மூட்டைக் கரை

அவகாசம் உள்ள சமவெளி வெள்ளத்தில்தான் இதற்குப் பொருள் உண்டு. மூட்டையைப் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பிய மூட்டை உருண்டையாக இருக்கும்; அடுக்கினால் இடைவெளி விழும். வாயை மடித்து அடியில் போகும்படி படுக்க வைத்து, செங்கல் சுவர்போல இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துத் தட்டையாக்குங்கள். அடியகலம் உயரத்தைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். ஆகையால் உயரம் இரட்டித்தால் மூட்டைத் தேவை நான்கு மடங்காகும். இதைக் கணக்கில் கொள்ளாமல் தொடங்கியவர்கள் இடையில் மணல் தீர்ந்து நின்றுவிடுகிறார்கள். கணிக்கப்பட்ட உச்சத்துக்கு மேல் அரை மீட்டராவது கூட்டிக் கட்டுங்கள். நீர்ப்பக்கத்தில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, அதன் அடியோரத்தை மூட்டைகளால் அழுத்துங்கள். கரை வீட்டுச் சுவரிலிருந்து 2.5 மீட்டர் தள்ளியிருக்கட்டும். சுவரில் சாய்த்துக் கட்டினால் நீரின் அழுத்தம் நேரே அடித்தளத்தில் இறங்கும். எந்தக் கரையும் கசியும், எனவே உட்பக்கம் ஒரு பம்பு வேண்டும்.

எட்டாம் படி: வெளியேறுதல்

வெளியேறு என்று உத்தரவு வந்தால் வாதம் வேண்டாம். மருந்து, மூக்குக்கண்ணாடி, ஆவணங்கள், மூன்று நாள் உடை, குழந்தைக்கும் முதியவருக்கும் வேண்டியவை ஆகியவற்றோடு கிளம்பி, வரவேற்பு மையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மையத்தில் தங்காமல் நண்பர் வீட்டுக்குப் போனாலும் பதிவு செய்வது அவசியம். தேடும் வேலை மிச்சமாகும், பின்னர் உதவி பெறவும் எளிதாகும். மின்பெட்டியை உலர்ந்த தரையில் நின்று அடைய முடிந்தால் மட்டும் மின்சாரத்தைத் துண்டியுங்கள். எரிவாயுவை அதிகாரிகள் சொன்னால் ஒழிய மூடாதீர்கள்.

உயிரிழப்புகளில் பெரும்பங்கு சாலையில் நேர்கிறது. ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தால் ஆளைத் தடுமாறச் செய்யும்; 30 சென்டிமீட்டர் சிறு காரை மிதக்க வைக்கும்; 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். பிரெய்ரியின் சரளைச் சாலைகளில் இன்னொரு கண்ணியும் உண்டு: மேலே தார் அல்லது சரளை அப்படியே இருக்க, அடியில் நீர் கடந்து செல்லப் பதித்த குறுக்குக் குழாயைச் சுற்றியுள்ள மண் கரைந்து போயிருக்கும். 2010 ஜூனில் சஸ்காச்சுவானின் மேப்பிள் கிரீக் அருகே நாட்டின் பிரதான நெடுஞ்சாலையையே நீர் அரித்துச் சென்றது. இந்தக் குறுக்குக் குழாய்களின் வாயருகே குழந்தைகளை விளையாட விடவே கூடாது. மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினாலும் உறிஞ்சும் வேகம் ஆளை உள்ளே இழுத்துவிடும்.

ஒன்பதாம் படி: திரும்பிய பிறகு

அனுமதி கிடைத்ததும் எல்லோரும் செய்ய விரும்பும் முதல் வேலை பேஸ்மென்ட் நீரை உடனே இறைத்துவிடுவது. அதைச் செய்யாதீர்கள். வெளியே மண் நீரால் ஊறி அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கும் நீர்தான் சுவரை எதிர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒரே நாளில் அதை எடுத்துவிட்டால் சுவர் உள்ளே சரியும் அல்லது தரை மேலெழும்பி வெடிக்கும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என இறைத்து, சுவரில் குறியிட்டு, மறுநாள் காலை மட்டம் மறுபடி ஏறியிருந்தால் நிறுத்திக் காத்திருங்கள். மின்பெட்டி நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை நீரில் காலை வைக்க வேண்டாம்.

நீர் வடிந்த பின் பூஞ்சைக்கு 24 முதல் 48 மணி நேரம் போதும். உட்சுவரை மூடியிருக்கும் நனைந்த டிரைவால் பலகையை நீர்க்கோட்டுக்கு மேல் அரை மீட்டர்வரை அறுத்தெடுங்கள். அதன் பின்னேயுள்ள பஞ்சு உறை, கம்பளம், மெத்தை ஆகியவை சாக்கடை நீர் பட்டவையானால் காப்பாற்ற முயல வேண்டாம். எறியும் முன் படமெடுங்கள், சுவரிலுள்ள நீர்க்கோட்டை அளவுநாடாவோடு சேர்த்துப் படமெடுங்கள், கம்பளத்தில் ஒரு துண்டை வெட்டி வையுங்கள். காப்பீட்டு மதிப்பீட்டாளர் வருவதற்குள் எல்லாம் குப்பைக்குப் போயிருந்தால் அந்தத் துண்டுதான் சாட்சி. மின்சாரமில்லாத ஃப்ரீசர் நிரம்பியிருந்து திறக்கப்படாமலும் இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியானால் 24 மணி நேரம். ஆனால் வெள்ள நீர் உள்ளே புகுந்திருந்தால் மணி பார்க்கத் தேவையில்லை.

கிணற்று நீர் குடிக்கும் பண்ணை வீடுகளில் வேலை இன்னும் முடிந்திருக்காது. கிணற்றின் தலை மூழ்கியிருந்தால், சோதனை முடிவு வரும்வரை குடிநீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள். கிணற்றுக்கும் குழாய்களுக்கும் குளோரின் இட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, வாசனை போகும்வரை தோட்டத்துக் குழாய் வழியாக வடித்து, அதன் பிறகு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு முடிவு நல்லதாக வந்ததும் நிறுத்திவிடாமல், சில வாரம் கழித்து மறுமுறையும் சோதியுங்கள். வயலில் நின்ற நீர் நிலத்தடியில் இறங்கிக் கிணற்றை எட்ட அவ்வளவு காலம் பிடிக்கும்.